மோட்டார் சைக்கிள் நெகிழி உடற்பலகைகள்: பழுது, பூச்சு, மாற்று – ஒரு வரலாறு

மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் சட்டகத்தையும் எஞ்சினையும் மின்கம்பிகளையும் வெளியிலிருந்து மூடியிருக்கும் நெகிழி உறுப்புகள் உடற்பலகைகள் எனப்படுகின்றன. முகப்பு விளக்கைச் சுற்றியுள்ள டூம், இருக்கைக்குக் கீழே உள்ள சைடு பேனல், சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்ட், காற்றைப் பிளக்கும் ஃபேரிங் ஆகியவை இவற்றுள் அடங்கும். வண்டி கீழே விழும்போது முதலில் உடைவதும் கீறல் விழுவதும் இவையே. அப்போது உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன: உடைந்ததை ஒட்டவைப்பது, மீண்டும் வண்ணம் பூசுவது, புதியது வாங்கி மாட்டுவது. எந்த வழி எளிது, எது மலிவு என்பதைப் பெரும்பாலும் பலகை எந்தப் பொருளால் ஆனது என்பதே முடிவு செய்துவந்துள்ளது.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இந்த உறுப்புகள் அனைத்துக்கும் ‘ஃபைபர்’ என்ற பொதுப்பெயர் வழங்குகிறது. ‘ஃபைபர் உடைந்துவிட்டது’ என்றால் நெகிழிப் பலகை உடைந்தது என்று பொருள். ஆனால் இன்றைய வண்டிகளின் பலகைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனவை அல்ல. அச்சு மாறிவிட்ட பின்னும் பழைய பொருளின் பெயர் பேச்சில் தங்கிவிட்டது. இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பணமதிப்பும் உண்டு என்பது கீழே காப்பீடு பற்றிய பகுதியில் விளக்கப்படுகிறது.

இரும்புத் தகட்டின் காலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பும், போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் இருசக்கர வண்டிகளின் மூடிகளும் மட்கார்டுகளும் எஃகுத் தகட்டால் செய்யப்பட்டன. கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்து 1946இல் பியாஜ்ஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா ஸ்கூட்டரில் அழுத்தி வார்த்த எஃகுத் தகடே சட்டகமாகவும் உடலாகவும் அமைந்தது. இந்தியாவில் 1972இல் வந்த பஜாஜ் சேதக் இதே மரபைச் சேர்ந்தது. 1955இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கப்பட்ட ஆலையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் மட்கார்டுகளும் பக்கப் பெட்டிகளும் எஃகால் ஆனவையே.

எஃகுத் தகடு அடிபட்டால் நெளியும், உடைவது அரிது. நெளிந்த தகட்டை உட்புறமிருந்து சுத்தியலால் தட்டி நேராக்கி, மீதமுள்ள பள்ளத்தில் பட்டி நிரப்பித் தேய்த்து, பிரைமர் அடித்து, வண்ணம் பூசுவது டிங்கரிங் வேலை எனப்பட்டது. இதற்குச் சுத்தியல், தாங்குகட்டை, வாயு வெல்டிங், உப்புத்தாள், ஸ்ப்ரே கன் ஆகியவை போதும். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரிலும் வண்டியை மீட்க முடிந்தது. ஒரே தகடு பல முறை தட்டப்பட்டுப் பல முறை வண்ணம் பெற்றது.

அக்காலப் பூச்சில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு. அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் 1920களில் ‘டூகோ’ என்ற பெயரில் இதை வெளியிட்டது. பழைய எண்ணெய் வண்ணங்கள் காயப் பல நாட்கள் எடுத்தன. டூகோ மிக விரைவாகக் காய்ந்தது. அந்த வணிகப் பெயர் இந்தியாவில் பொதுச்சொல்லாகி, ‘டூகோ பெயிண்டிங்’ என்று மரச்சாமான் கடைகளில் இன்றும் வழங்குகிறது. ஆனால் இந்த அரக்கு காய்ந்தபின் கடினமாகவும் எளிதில் வெடிப்பதாகவும் இருக்கும். அசையாத எஃகின் மேல் அது நின்றது. வளையும் நெகிழியின் மேல் நிற்க இயலவில்லை.

கண்ணாடி இழை

கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அச்சின்மேல் படிய வைத்து இறுக விடும் முறை 1950களில் வாகனத் துறைக்கு வந்தது. 1953இல் வெளியான ஷெவர்லே கார்வெட் காரின் உடல் இம்முறையில் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிளில் இதன் புகழ்பெற்ற தொடக்க முயற்சி பிரிட்டனின் வின்சென்ட் பிளாக் பிரின்ஸ் ஆகும். 1954ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட இவ்வண்டியின் எஞ்சினும் பின்சக்கரமும் கண்ணாடி இழை மூடிகளால் மறைக்கப்பட்டிருந்தன. ஓட்டுபவரின் உடையில் எண்ணெயும் சேறும் படாமல் காப்பது இதன் நோக்கம். வாங்குவோர் போதிய அளவில் இல்லை. 1955ஆம் ஆண்டின் இறுதியில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தியே நின்றது.

பந்தயத்திலும் முழு மூடிகள் பரவின. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய ‘டஸ்ட்பின்’ வகை ஃபேரிங்குகள் வேகத்தைக் கூட்டின. பக்கக் காற்றில் வண்டியை ஆட்டவும் செய்தன. பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1957 பருவத்துக்குப் பின் அவற்றைத் தடை செய்தது. முன்சக்கரத்தைத் திறந்துவிடும் ஃபேரிங் வடிவம் அதன் பின்னரே வழக்கமாயிற்று.

கண்ணாடி இழையின் சிறப்பு, அதற்குப் பெரும் எஃகு அச்சும் உயரழுத்த இயந்திரமும் வேண்டியதில்லை என்பதாகும். ஓர் அச்சும் பிசினும் தூரிகையும் இருந்தால் சிறு பட்டறையும் பலகை செய்யலாம். உடைந்தால் பின்புறம் புதிய பாயை வைத்துப் பிசின் பூசி இறுக்கிவிடலாம். மேற்பரப்பில் வண்ணமும் நன்கு ஒட்டும். ஒவ்வொன்றும் கையால் செய்யப்பட வேண்டியிருந்ததால் பெருமளவு உற்பத்திக்கு இது ஏற்றதாக இல்லை. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் அரிப்பையும் மூச்சுக்குழலில் எரிச்சலையும் உண்டாக்கியது.

1958: ஒரே ஆண்டில் இரு வழிகள்

1958ஆம் ஆண்டில் உடலை மூடிய இரண்டு வண்டிகள் வெளிவந்தன. பிரிட்டனின் ஏரியல் லீடர் முழுதும் அழுத்தி வார்த்த எஃகுத் தகடுகளால் மூடப்பட்டிருந்தது. ஜப்பானில் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் வெளியான ஹோண்டா சூப்பர் கப் சி100 வண்டியில் கால் மறைப்பும் முன் மட்கார்டும் பாலிஎத்திலீன் நெகிழியால் செய்யப்பட்டன. ஏரியல் லீடர் 1965இல் நின்றுபோனது. சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது. இந்த வேறுபாட்டுக்கு எஞ்சின், விலை, விற்பனை முறை எனப் பல காரணங்கள் உண்டு. நெகிழிப் பலகை அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆயினும் எடையையும் செலவையும் குறைத்து ஒரே வடிவத்தை இலட்சக்கணக்கில் வார்க்க முடியும் என்பதை உலகம் இவ்வண்டியிலிருந்து கற்றது.

பாலிஎத்திலீனின் மேற்பரப்பில் வண்ணம் ஒட்டாது. ஆகவே வண்ணப்பொருள் வார்க்கும்போதே நெகிழிக்குள் கலக்கப்பட்டது. கீறினாலும் அடியில் அதே நிறம் தெரிந்தது. உடைந்தால் ஒட்டவும் முடியாது, பூசவும் முடியாது. கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டியதே. இருசக்கர வண்டியில் ‘பழுதுபார்’ என்பதற்குப் பதில் ‘மாற்று’ என்ற பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

1970களில் அமெரிக்காவில் பிரெஸ்டன் பெட்டி வளையும் நெகிழி மட்கார்டுகளை மோட்டோகிராஸ் வண்டிகளுக்குச் செய்து விற்றார். 1973இல் இத்தாலியில் பிராங்கோ அசெர்பிஸ் தொடங்கிய நிறுவனமும் இத்துறையில் வளர்ந்தது. மண் பாதையில் விழுந்து எழும் பந்தய வண்டிக்கு நெளியும் எஃகைவிடவும் உடையும் கண்ணாடி இழையைவிடவும் வளைந்து மீளும் நெகிழி ஏற்றதாக இருந்தது. மோட்டோகிராஸ் வண்டிகளில் இன்றும் பலகைகளுக்கு வண்ணம் பூசுவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதும் பருவத்துக்கு ஒருமுறை முழுத் தொகுதியை மாற்றுவதுமே வழக்கம்.

ஏபிஎஸ் நெகிழியும் ஃபேரிங்கும்

சாலை வண்டிகளின் பாதை வேறு. அங்கு மினுமினுக்கும் வண்ணம் விற்பனைக்கு இன்றியமையாதது. 1976இல் வெளியான பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்ற முன்னோடி வண்டியாகும். 1980களில் காவாசாகி, சுசுகி, ஹோண்டா ஆகியவை ஃபேரிங் கொண்ட வேக வண்டிகளைப் பெருமளவில் வெளியிட்டன. 1986இன் டுகாட்டி பாஸோவும் 1987இன் ஹோண்டா சிபிஆர்600எஃப் வண்டியும் எஞ்சின் கண்ணுக்குத் தெரியாதபடி முழுதும் மூடப்பட்டவை.

இக்காலத்தில் சாலை வண்டிகளின் முதன்மைப் பொருளாக வளர்ந்தது ஏபிஎஸ். அக்ரைலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்தது இது. முதலாவது வேதிப்பொருட்களைத் தாங்கும் தன்மையையும், இரண்டாவது ரப்பர் போன்ற அதிர்ச்சித் தாங்கலையும், மூன்றாவது பளபளப்பையும் வார்க்கும் எளிமையையும் தருகின்றன. உருக்கி எஃகு அச்சுக்குள் செலுத்திச் சில நொடிகளில் ஒரு பலகையை எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன்மேல் வண்ணம் ஒட்டும். இதனால் ஸ்ப்ரே கன் பிடிப்பவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

இந்தியாவில்

1980களின் நடுப்பகுதியில் இந்திய நிறுவனங்கள் ஜப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்தன. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி ஏஎக்ஸ்100, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 ஆகியவை வெளிவந்தன. அடுத்த ஆண்டுகளில் வார்த்த நெகிழி உறுப்புகள் இந்தியச் சாலைகளில் பரவின. 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவின் அரை ஃபேரிங்கும், 2008இல் வந்த யமஹா ஆர்15இன் முழு ஃபேரிங்கும் அதுவரை பந்தயப் படங்களில் பார்த்த தோற்றத்தை நடுத்தரக் குடும்ப இளைஞர்களுக்குக் கொண்டுவந்தன. அவற்றுடன், நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே ஆயிரக்கணக்கில் செலவு என்ற புதிய கவலையும் வந்தது.

இதன் எதிர்வினையாக ‘மெட்டல் பாடி’ என்பது ஸ்கூட்டர் விளம்பரங்களில் ஒரு சிறப்பாகக் கூறப்பட்டது. தட்டி நேராக்கலாம் என்ற பழைய நம்பிக்கையே அதன் பின்னணி எனலாம். மறுபுறம், உடைக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகளை விற்கும் சென்னை புதுப்பேட்டை, புதிய உதிரிகளும் அலங்காரப் பொருட்களும் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற சந்தைகள் நெகிழிப் பலகைகளுக்கும் உரிய இடங்களாயின. அசல் பலகை, வேறு நிறுவனம் வார்த்த மாற்றுப் பலகை, பழைய வண்டியிலிருந்து கழற்றிய பலகை என மூன்று தரங்கள் உருவாயின. மாற்றுப் பலகைகளில் துளைகளும் லாக்குகளும் சட்டகத்துடன் சரியாகப் பொருந்தாமல் போவது பரவலான குறை. இழுத்து முடுக்கினால் அந்த இடத்தில் இறுக்கம் தங்கி, சில மாதங்களில் திருகாணியைச் சுற்றி வெடிப்பு விழும்.

பொருளறிதலும் ஒட்டுதலும்

பலகையின் உட்புறத்தில் அது எந்த நெகிழி என்பதைக் குறிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் வார்க்கப்பட்டிருக்கும். குறி இல்லையெனில் சிறு துண்டைத் தண்ணீரில் போட்டு ஓரளவு அறியலாம். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, அது மிதக்கும். பாலிஎத்திலீனும் மிதக்கும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, அது மூழ்கும். உள்மட்கார்டு, அடிமூடி போன்ற பூசப்படாத கறுப்பு உறுப்புகள் பெரும்பாலும் மிதக்கும் வகை. வண்ணம் பூசிய வெளிப்பலகைகள் பெரும்பாலும் மூழ்கும் வகை.

இந்த வேறுபாடு பழுதுபார்க்கும் முறையைத் தீர்மானிக்கிறது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். உடைந்த பலகையின் துண்டுகளையே அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் நிரப்பினால், அசிட்டோன் ஆவியான பின் இருபுறமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் அசிட்டோனில் கரையா. சாதாரணப் பசைகளும் அவற்றில் நில்லா. அவற்றை அதே நெகிழிக் கம்பியை உருக்கி வெப்பத்தால் மட்டுமே இணைக்கலாம்.

பூச்சுக்கும் இதே விதி. ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவ அப்பரப்பின் ஆற்றல் போதிய அளவு உயர்ந்திருக்க வேண்டும். பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் குறைவு; தாமரை இலைத் தண்ணீர் போல வண்ணம் அதன்மேல் ஒட்டாமல் நிற்கும். தொழிற்சாலைகளில் தீச்சுடரால் பரப்பைத் தொட்டு அதன் தன்மையை மாற்றியோ, குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கொண்ட ஒட்டுப்பூச்சு கொடுத்தோ இக்குறையைத் தீர்க்கின்றனர். அந்த அடுக்கு இல்லாமல் பூசிய வண்ணம் முதல் சில கழுவல்களிலேயே தோல்போல உரியும்.

ஏபிஎஸ்ஸிலும் தவறுகள் நேரும். வார்க்கும்போது அச்சிலிருந்து பலகை எளிதில் கழல்வதற்குத் தெளிக்கும் பொருளும், வண்டி பளபளக்கத் தேய்க்கும் சிலிக்கோன் மெருகுப் பொருளும் பரப்பில் தங்கியிருந்தால், வண்ணத்தில் மீன்கண் போன்ற வட்டக் குழிகள் விழும். கடுமையான தின்னரைக் கொண்டு துடைத்தால் இறுக்கமுள்ள இடங்களில் நுண்வெடிப்பு ஏற்படும். எஃகு உறுப்புகளைப் போல உயர்வெப்பச் சூளையில் வைத்துக் காய்ச்சவும் இயலாது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஏபிஎஸ் இளகத் தொடங்கும். எனவே தொழிற்சாலையிலேயே எஃகுத் தொட்டிக்கு ஒரு வகை வண்ணமும் நெகிழிப் பலகைக்கு வேறு வகை வண்ணமும் பூசப்படுகின்றன. வெயிலில் இரண்டும் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. ஒரு பலகையை மட்டும் மாற்றினால் நிறம் வேறுபட்டுத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பீடும் சட்டமும்

விபத்துக்குப்பின் ஒட்டுவதா, மாற்றுவதா என்ற முடிவில் காப்பீட்டு விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய மோட்டார் டாரிஃப், 2002இன்படி உதிரிப்பாகத்தை மாற்றும்போது ரப்பர், நைலான், நெகிழி உறுப்புகளுக்கு 50 சதவீதமும், கண்ணாடி இழை உறுப்புகளுக்கு 30 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றன. உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும்; முதல் ஆறு மாதங்களுக்குக் கழிவு இல்லை. இந்த வாசகம் காப்பீட்டு ஆவணங்களில் தொடர்ந்து இடம்பெறுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு பலகையின் விலை 4,000 ரூபாய் எனக் கொள்ளலாம். அது நெகிழி என்றால் 2,000 ரூபாயையும், கண்ணாடி இழை என்றால் 1,200 ரூபாயையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். பட்டறைப் பேச்சில் இரண்டும் ‘ஃபைபர்’. கணக்கில் 800 ரூபாய் வேறுபாடு. மாறாக, அதே பலகையை ஒட்டி 2,000 ரூபாய்க்கு வண்ணம் பூசினால் கழிவு மிகக் குறைவு. பூச்சுக் கட்டணம் மொத்தமாகப் போடப்பட்டிருந்தால் அதில் 25 சதவீதம் மட்டும் பொருட்செலவாகக் கொள்ளப்பட்டு, அதில் பாதி கழிக்கப்படும். அதாவது 250 ரூபாய். கூடுதல் தவணை கட்டித் தேய்மானக் கழிவே இல்லாத காப்பீடு பெற்றவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அவர் மாற்றுவதையே விரும்புவார்.

வேறு நிறத்தில் பூசுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்படுகிறது. பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே முழு நிறத்தையும் மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகிச் சான்றிலும் மாற்றம் செய்ய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர மற்றவை ஆலிவ் பச்சை நிறம் பூசிக்கொள்ள இயலாது.

பூசுபவரின் உடல்நலம்

இன்றைய பளபளப்பான மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. இதன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்தனர். வண்ணமும் ஹார்டனரும் தனித்தனி டப்பாக்களில் வரும். கலந்தபின் வேதிவினையால் இறுகும். நெகிழியின் வளைவைத் தாங்கும் இப்பூச்சு, பெட்ரோல் பட்டாலும் எளிதில் கரையாது. நெகிழிப் பலகையில் நீடித்த மெருகைத் தந்தது இதுவே.

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் வகைச் சேர்மங்கள் உள்ளன. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஹார்டனரில் உள்ளது வேறு சேர்மம். அவ்வளவு எளிதில் ஆவியாவதும் இல்லை. ஆனால் ஸ்ப்ரே கன் அதை நுண்துளிகளாக்கி மூச்சுக்குள் சேர்க்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஐசோசயனேட் ஒன்று. உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். அவர் அந்தத் தொழிலையே விட நேரலாம். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் தூசி முகக்கவசமும் இதைத் தடுக்கா. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் கவசமும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அறையும் தேவை.

சாலையோரப் பட்டறையில் இவ்விரண்டும் அரிது. 2,000 ரூபாய்ப் பூச்சுக்கும் 4,000 ரூபாய்ப் பலகைக்கும் இடையிலான வேறுபாட்டின் ஒரு பகுதி, பூசுபவரின் நுரையீரலிலிருந்து வருகிறது. விலைச்சீட்டில் அது எழுதப்படுவதில்லை.

மதிப்பீடு

எஃகு தட்டுபவரின் கையிலும், கண்ணாடி இழை பிசின் பூசுபவரின் கையிலும், பாலிஎத்திலீன் உதிரி விற்பவரின் கையிலும் பழுதுவேலையை ஒப்படைத்தன. ஏபிஎஸ் மூவருக்கும் இடையே நிற்கிறது: அதை ஒட்டலாம், பூசலாம், மாற்றவும் செய்யலாம். மாற்றுவது விரைவானது; ஆனால் வண்ணம் படிந்த பழைய பலகையை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவது கடினம். உருகிய நெகிழிக்குள் வண்ணத் துகள்கள் கலந்து அதன் உறுதியைக் குறைக்கின்றன. ஒட்டிப் பூசுவது கழிவைக் குறைக்கும்; ஆனால் பொருளறிந்து செய்யாவிட்டால் உரியும், காப்பின்றிச் செய்தால் உடல்நலத்தைக் கெடுக்கும். பலகையின் உட்புறத்திலுள்ள சிறு எழுத்துகளைப் படிப்பதும், பூசுபவருக்குத் தூய காற்று கிடைக்கிறதா என்று பார்ப்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் இரண்டு எளிய பாடங்கள்.